பேச்சோசையும் நரம்பிசையும்: குரோனோஸ் நால்வர் குழுவின் 'டிஃபரண்ட் ட்ரெயின்ஸ்'

மேலைச் செவ்வியல் இசையின் தற்காலப் படைப்புகள் பயிற்சியுடைய சிறு வட்டத்தினர்க்கே உரியவை என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவுகிறது. அதற்கு மாறாகச் செயற்பட்ட குழுக்களுள் முதன்மையானது குரோனோஸ் நால்வர் குழு. இரண்டு வயலின்கள், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்னும் பழைய அமைப்பையே கொண்ட இக்குழுவை 1973இல் சியாட்டில் நகரில் டேவிட் ஹாரிங்டன் தொடங்கினார். ஜார்ஜ் கிரம் இயற்றிய 'பிளாக் ஏஞ்சல்ஸ்' என்னும் படைப்பை வானொலியில் கேட்டதே அவருக்குத் தூண்டுதலாயிற்று. 1,000க்கும் மேற்பட்ட படைப்புகளை இக்குழு எழுதுவித்துள்ளது. எண்ணிக்கை ஒருபுறமிருக்க, அவற்றுள் ஒன்று மொழிபெயர்ப்பு பற்றி எழுப்பும் வினாவே ஈண்டு ஆராயத்தக்கது.

இக்குழுவுக்காக ஸ்டீவ் ரைஷ் 1988இல் இயற்றியது 'டிஃபரண்ட் ட்ரெயின்ஸ்'. பெற்றோர் பிரிந்து வாழ்ந்தமையால் 1939 முதல் 1942 வரை நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே இரயிலில் சென்றுவந்த சிறுவன் ரைஷ். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் இருந்திருப்பின், யூதனாகிய தான் ஏறியிருக்கக்கூடிய இரயில்கள் வேறு என்னும் எண்ணமே படைப்பின் கரு. தன் செவிலி, ஓய்வுபெற்ற இரயில் பணியாளர் ஒருவர், நாஜிக் கொடுமையிலிருந்து உயிர்பிழைத்தோர் ஆகியோரின் ஒலிப்பதிவுகளிலிருந்து அவர் சிறு உரைத்துணுக்குகளைத் தெரிந்தெடுத்தார். அவற்றின் ஏற்ற இறக்கத்தைச் சுரக்குறிப்பாக்கி, பெண் குரலை வயோலாவும் ஆண் குரலைச் செல்லோவும் ஒத்திசைக்குமாறு அமைத்தார். துணுக்கு மாறுந்தோறும் காலப்பிரமாணமும் மாறுகிறது. பேச்சு இசைக்குப் பணியவில்லை, இசையே பேச்சைத் தொடர்கிறது.

பயிற்சியற்றோரையும் இப்படைப்பு ஈர்த்தமைக்குக் காரணம் எளிமைப்படுத்தல் அன்று. பேச்சின் ஏற்ற இறக்கம் எவரும் குழந்தைப் பருவத்திலேயே கற்ற இசை. புதிய இசைக்குள் நுழைய அதுவே வாயிலாகிறது. ஆயினும் இதற்கோர் இழப்பும் உண்டு. வழுக்கிச் செல்லும் குரல் நிலையான சுரங்களாகத் தறிக்கப்படுகிறது. மீண்டும் மீண்டும் ஒலிக்கையில் சொல் தேய்ந்து ஓசை மட்டும் எஞ்சுகிறது. ஒரு வணிகப் பாடலில் இது குற்றமாகாது. உயிர்பிழைத்தோர் சான்றுரையில் பொருள் தேய்வது எளிதாகக் கடந்து செல்லத்தக்கதன்று. இரண்டாம் பகுதியில் ரைஷ் காட்டும் அடக்கம் அவ்விழப்பைக் குறைக்கிறதேயன்றி நீக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளரின் இடர் இதனினும் பெரிது. போர் முடிந்ததெனக் கேட்ட ஒரு பெண் ஐயுற்று வினவும் இடம் மூன்றாம் பகுதியில் வருகிறது. தமிழில் அவ்வையத்தைத் 'தான்' என்னும் இடைச்சொல்லும் ஆகார வினா ஈறும் சுமந்துவிடும். ரைஷ் கைக்கொண்டதோ அவர் குரல் எழுந்து விழும் வடிவை. பொருளைப் பெயர்த்தால் வடிவு பொருந்தாது. வடிவை வைத்துக்கொண்டால் பொருள் பிறமொழியாளர்க்கு எட்டாது.

ஆஷா போன்ஸ்லேயுடன் இக்குழு 2005இல் வெளியிட்ட ஆர். டி. பர்மன் பாடல்களில் இவ்விடர் இல்லை. ஹிந்தி அறியாதவரும் அவற்றைப் பாடலாகவே துய்க்கலாம். 'டிஃபரண்ட் ட்ரெயின்ஸ்' நிகழ்த்தப்படும்போது, துணுக்குகளை வரும் வரிசையிலேயே, பேசுவோர் இன்னாரெனக் குறித்து, கேட்போர் மொழியில் அச்சிட்டளித்தல் வேண்டும். அவ்வச்சுத்தாளும் படைப்பின் ஒரு பகுதியே. விளக்கணைத்த அரங்கில் அதனை எவ்வாறு படிப்பது என்பது வேறொரு சிக்கல்.