ஊதியம் கருதாத அரங்கு
பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ – ஒரு மதிப்பீடு

நாடகத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பெற்ற நூல்கள் பல. நாடக சபை ஒன்றை நடத்துவது எவ்வாறு என்பதை, நடத்திய கையாலேயே எழுதிக் காட்டிய நூல்கள் மிகச் சில. அச்சிலவற்றுள் தலையாயது பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’. 1930களில் ஆறு பாகங்களாக வெளிவந்த இந்நூலை நாடகாசிரியர் ஒருவரின் தன்வரலாறாகவே பலரும் படித்து வந்துள்ளனர். நாம் இதனை வேறொரு நோக்கில் படிக்க விழைகிறோம். கூலி பெறாத மனிதர் பலர் கூடி ஒரு பொதுக் காரியத்தை நெடுங்காலம் நடத்திய கதை இது. சங்கங்களும் வாசகசாலைகளும் ஜமாஅத்துகளும் மலிந்த நம் சமுதாயத்தார்க்கு இக்கதையில் கற்பதற்கும் உண்டு. எச்சரிக்கை கொள்வதற்கும் உண்டு.

சபை பிறந்த கதை

1873இல் பிறந்த சம்பந்தனார், இளமையில் தமிழ் நாடகங்களை வெறுத்தவர். விடிய விடிய நடக்கும் ஆட்டம், கதையை மறித்து நிற்கும் பாட்டு, இடையிடையே தலைகாட்டும் கொச்சைப் பேச்சு ஆகியவை அவர்க்கு உவப்பாக இல்லை. 1891இல் பல்லாரி வழக்கறிஞர் கிருஷ்ணமாச்சார்லு தம் சரச விநோதினி சபையாருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். அவற்றைக் கண்டதும் சம்பந்தனாரின் மனம் மாறிற்று. நடித்தவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக மேடையேறியவர்கள் அல்லர். கற்றவர்கள், வேறு தொழில் உடையவர்கள். தெலுங்கர் செய்வதைத் தமிழர் ஏன் செய்யலாகாது என்னும் எண்ணம் அப்போது அவர் நெஞ்சில் முளைத்தது. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளில், சில நண்பர்களோடு கூடிச் ‘சுகுண விலாச சபை’யைத் தோற்றுவித்தார். அப்போது அவர்க்கு வயது 18.

இத்தொடக்கத்தில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சபையைத் தொடங்கியவர்களிடம் மண்டபம் இல்லை, மூலதனம் இல்லை, தம்மை ஆதரிக்கும் பிரபு இல்லை. நாடகம் செய்ய வேண்டும் என்னும் நோக்கம் ஒன்றே இருந்தது. நாம் ‘நிய்யத்’ என்று சொல்கிறோமே, அது முதலில் தெளிவாக நின்றது. மற்றவை பின்னர் வந்தன. பிற்காலத்தில் இந்த வரிசை தலைகீழானதைக் கீழே காண்போம்.

நடத்திய முறை

நூலின் சிறப்பு, பெருமைகளை அடுக்குவதில் இல்லை. ஒத்திகையின் தொல்லைகளை ஒளிவின்றிச் சொல்வதில் இருக்கிறது. ஊதியம் தரும் கம்பெனியில் நடிகன் ஒத்திகைக்கு வாராவிடில் அவன் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம். ஊதியம் இல்லாத சபையில் வாராதவனை என்ன செய்வது? அவன் வழக்கறிஞனாகவோ, அலுவலனாகவோ, மாணவனாகவோ இருப்பான். அவனுக்கென்று நூறு வேலைகள் இருக்கும். அவனை வரச்செய்வது அன்பும், தலைவன் தானே முதலில் வந்து நிற்கும் ஒழுங்கும்தான். சம்பந்தனார் நாடகம் எழுதினார், நடித்தார், பிறர்க்கு நடிப்புப் பயிற்றினார். நீதிமன்றத்தில் வழக்காடிவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்தார். பின்னாளில் சிறு வழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் அமர்ந்தார். தொண்டு செய்ய நேரமில்லை என்று கூறும் நம் இளைஞர் இப்பகுதிகளைப் படித்தல் நன்று.

சபையார் தமிழ் ஒரு மொழியோடு நிற்கவில்லை. தெலுங்கு முதலிய பிற மொழிகளிலும் நாடகங்கள் நடந்தன. தமிழ்ப் பிரிவை நடத்தும் பொறுப்பைச் சம்பந்தனார் ஏற்றார். பல மொழியினரும் ஒரு கூரையின்கீழ்க் கூடியதால் சபை வளர்ந்தது. எந்த நாடகத்துக்கு எந்த நாள், எவ்வளவு செலவு என்னும் பிணக்குகளும் உடன் வளர்ந்தன. ஊதியமில்லாத நாடகம் செலவில்லாத நாடகம் ஆகாது. மண்டப வாடகை, திரைச்சீலை, உடுப்பு, விளக்கு, பக்கவாத்தியம் ஆகிய அனைத்துக்கும் பணம் வேண்டும். உறுப்பினர் சந்தாவும் சீட்டு விற்பனையுமே வருவாய். அந்தப் பணம் பலர் கை மாறும் அமானிதம் ஆகையால், கணக்கில் சிறு ஐயம் எழுந்தாலும் சபையே குலையும்.

சபை செய்த கலைப்பணியையும் கூறவேண்டும். 1895இல் அரங்கேறிய ‘மனோகரன்’ அதன் புகழைத் தமிழகமெங்கும் பரப்பிற்று. தலைமைப் பாத்திரத்தைச் சம்பந்தனாரே நடித்தார். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் ‘அமலாதித்யன்’, ‘வாணீபுர வணிகன்’, ‘மகபதி’ என்று தமிழ் உடுத்து வந்தன. பாட்டின் ஆதிக்கம் குறைந்தது. உரைநடை உரையாடல் முதலிடம் பெற்றது. நாடகத்தின் நேரம் சுருங்கிற்று. அவர் இயற்றிய நாடகங்கள் 90க்கு மேற்பட்டவை. ‘சபாபதி’ 1941இலும், ‘மனோகரா’ 1954இலும் திரைப்படங்களாகி, நாடகக் கொட்டகையைக் காணாதவர்களுக்கும் அவற்றின் கதையைக் கொண்டுசென்றன. 1959இல் அரசு அவர்க்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1964இல் அவர் மறைந்தார்.

சபையார் இலங்கைக்கும் சென்று நடித்தனர். அங்கே கலையரசு சொர்ணலிங்கம் சம்பந்தனாரைத் தம் குருவாகக் கொண்டு, அந்நாட்டில் ஊதியம் கருதாத நாடக முயற்சிகளை வளர்த்தார். அவர் எழுதிய ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்னும் நூலை இதனோடு இணைத்துப் படித்தால், ஒரு சபையின் முன்மாதிரி கடல் கடந்து எவ்வாறு வேர்விட்டது என்பது விளங்கும்.

சுதந்திரமும் அதன் விலையும்

ஊதியம் வாங்காமையால் சபைக்குக் கிடைத்த பெரும்பேறு சுதந்திரம். தொழில்முறைக் கம்பெனிக்குக் கொட்டகை நிறைந்தால்தான் உலை கொதிக்கும். ஆகவே மக்கள் கேட்கும் பாட்டைக் குறைக்க அவர்களால் இயலாது. பழகிய கதையைக் கைவிடவும் இயலாது. சுகுண விலாச சபையார்க்கோ சோறு வேறிடத்தில் இருந்தது. ஆதலால் அவர்கள் புதியன முயன்றனர். தோற்றபோதும் மீண்டும் முயன்றனர். தமிழ் நாடகத்தில் அவர்கள் செய்த மாற்றங்களுக்கெல்லாம் இந்தச் சுதந்திரமே வேர் என்பது நம் துணிபு.

ஆனால் நூலின் குறையும் இவ்விடத்திலேயே தோன்றுகிறது. நாடகத்துக்குக் கண்ணியம் தேடித்தந்தவர் சம்பந்தனார் என்று திறனாய்வாளர் பலரும் எழுதியுள்ளனர். இக்கூற்றை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. வழக்கறிஞர் மேடையேறியபோது வழக்கறிஞரின் மதிப்பு அவரோடு மேடைக்கு வந்தது. ‘கூத்தாடி’ என்று இகழப்பட்ட தொழில்முறை நடிகனுக்கு அதனால் உடனே மதிப்பு உயர்ந்துவிடவில்லை. தேசபக்தர் சத்தியமூர்த்தி போன்றோர் இச்சபையின் மேடையில் நடித்த அதே காலத்தில், ஏழைப் பிள்ளைகள் பாய்ஸ் கம்பெனிகளில் உண்டு உறங்கி, ஊர் ஊராக அலைந்து, அதே கலையை வளர்த்து வந்தனர். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தபோது டி. கே. சண்முகம் ஆறு வயதுச் சிறுவர். அவருடைய ‘எனது நாடக வாழ்க்கை’யைப் படித்தவர்க்கு, அந்தக் கம்பெனி வீட்டின் பசியும் பயிற்சியும் மறவா. சம்பந்தனாரின் ஆறு பாகங்களில் அப்பசி நம்மைத் தொடுவதில்லை. தனவந்தரும் கற்றோரும் நிறைந்த ஓர் உலகத்தின் சாளரத்தின் வழியாகவே அவர் தமிழ் நாடகத்தைப் பார்க்கிறார்.

இன்னொரு குறையும் உண்டு. பெண் வேடங்களை ஆடவரே தாங்கிய சபை அது. ரங்கவடிவேலு முதலியார் அவ்வேடங்களில் பெற்ற வெற்றியைச் சம்பந்தனார் நெகிழ்ந்து எழுதுகிறார். நண்பரைப் பற்றிய அப்பகுதிகள் நூலின் உயிர்நிலை எனலாம். எனினும் பாலாமணி அம்மையாரைப் போன்ற பெண் கலைஞர் தாமே கம்பெனி நடத்திய காலமும் அதுவே. அவர்கள் பட்ட இன்னல்களும் பெற்ற வெற்றிகளும் இந்நூலின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. ஒருவர் தம் நினைவை எழுதும்போது எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று கேட்பது நியாயமன்று. ஆனால் ஒருவர் நினைவையே ஒரு கலையின் முழு வரலாறாகக் கொள்வது அதனினும் நியாயமன்று.

கட்டடமும் கலையும்

பொதுமக்கள் நன்கொடையால் எழுந்த விக்டோரியா பொது மண்டபத்தில் நெடுங்காலம் இயங்கிய சபை, 1936இல் மவுண்ட் ரோட்டில் தன் சொந்த இடத்துக்குப் பெயர்ந்தது. வாடகை மண்டபத்தில் இருந்தவரை நாடகமே சபையின் முகமாக இருந்தது. சொந்த இடம் வந்தபின் அவ்விடத்தைக் காப்பதும், உறுப்பினர் பொழுதுபோக்குக்கு வசதி செய்வதும் மேலோங்கின. இன்று அண்ணா சாலையில் அச்சபையின் பெயர் ஒரு மனமகிழ் மன்றத்தின் பெயராகவே அறியப்படுகிறது. சினிமாவின் வருகை இதற்கொரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தொழில்முறைக் குழுக்கள் சில சினிமாவோடு போராடிப் பல ஆண்டுகள் நாடகத்தை விடாமல் நின்றன. நாடகத்தை விட்டால் அவர்களுக்கு வாழ்வில்லை. சபையாருக்கோ நாடகத்தை விட்டாலும் வாழ்வு குறையாது. புதுமை செய்ய அவர்களுக்கு உதவிய அதே சுதந்திரம், கலையை மறக்கவும் உதவிற்று. தொண்டு நிறுவனங்கள் அனைத்துக்கும் இது பொருந்தும் உண்மை.

நமக்கு என்ன?

இத்தகைய நூலை ஓர் இஸ்லாமிய இலக்கிய ஏடு ஏன் ஆராய வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். நாடகம் நமக்கு முற்றிலும் அயலானதன்று. லக்னோ நகரத்து அமானத் எழுதிய ‘இந்திர சபா’ என்னும் உருது நாடகம் பார்சி கம்பெனிகளின் வழியே நாடெங்கும் பரவியது; அக்கம்பெனிகளின் திரைச்சீலைகளும் மெட்டுகளும் தமிழ் மேடையிலும் படிந்தன. தமிழ் முஸ்லிம் இலக்கிய வரிசையிலும் ‘அலிபாதுஷா நாடகம்’, ‘அப்பாஸ் நாடகம்’ முதலியவை இடம்பெற்றுள்ளன. நபிமார்களையும் ஸஹாபாப் பெருமக்களையும் மேடையில் வேடமிட்டுக் காட்டலாகாது என்னும் வரம்பை நாம் அறிவோம். மற்றை வரம்புகளை ஆலிம்கள் எடுத்துரைப்பார்கள். அவ்வரம்புகளுக்குள் நின்றே கைக்கூலிக் கொடுமையையும், கடன் சுமையையும், வெளிநாடு சென்ற கணவனுக்காகக் காத்திருக்கும் இல்லாளின் தனிமையையும் நாடகமாக்கலாம். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் நம் பிள்ளைகள் நடிக்கும் சிறு நாடகங்களுக்கு ஆயுள் ஒரே இரவு. கையெழுத்துப் படி விழா முடிந்ததும் காணாமற் போகிறது. நடித்தவன் பெயர் அடுத்த ஆண்டு ஒருவருக்கும் நினைவில்லை.

சம்பந்தனார் நமக்கு விட்டுச் சென்ற முதற்பாடம், எழுதி வைத்தல். நடித்ததை, செலவழித்ததை, தோற்றதை, பிணங்கியதை எல்லாம் அவர் எழுதி வைத்தார். அவர் நூலில் நாம் குறை காண இயலுவதும் அவர் எழுதி வைத்ததனாலன்றோ! எழுதாத சபையைப் புகழவும் இயலாது, திருத்தவும் இயலாது. இரண்டாம் பாடம், ஒருவர் தோளிலேயே முழுப் பாரத்தையும் ஏற்றாதிருத்தல். நாடகாசிரியரும் அவரே, ஆசானும் அவரே, தலைமை நடிகரும் அவரே என்னும் நிலை சபையை உயர்த்தியது. அவர்க்கு முதுமை வந்தபோது அவருக்கு ஈடாக நிற்பவர் இல்லாமலும் செய்தது. மூன்றாம் பாடம், கட்டடம் எழுந்தபின் நோக்கத்தை மீண்டும் கேட்டுக்கொள்ளல். நம் ஊர்களிலும் வாசகசாலையென்று தொடங்கப்பட்ட இடம் கல்யாண மண்டபமாகி வாடகை ஈட்டுவதையும், நூல்கள் பூட்டிய அலமாரியில் செல்லரிப்பதையும் நாம் காண்கிறோம். வாடகை வருவது தவறன்று. அந்த வாடகையில் நூல் வாங்காமை தவறு.

‘நாடக மேடை நினைவுகள்’ குறையற்ற வரலாறு அன்று; நேர்மையான நினைவு. நடிப்பைக் கற்க விரும்புவோர்க்குச் சம்பந்தனார் ‘நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி’ என்னும் தனி நூலையே எழுதியிருக்கிறார். சங்கம் நடத்த விரும்புவோர்க்கு இந்த ஆறு பாகங்களே நூல். நம் இல்லங்களில் பிள்ளைகள் இதனைப் படிக்கட்டும். படித்தபின், தம் ஊரில் அறுபது எழுபது ஆண்டுகளாக விழா மேடைகளைக் கட்டியும் விளக்கேற்றியும் பாட்டெழுதியும் ஊதியம் வாங்காது உழைத்த முதியவர்களிடம் சென்று அமர்ந்து, அவர்கள் சொல்வதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொள்ளட்டும். இன்ஷா அல்லாஹ், அக்குறிப்பேடுகளிலிருந்து நம் சமுதாயத்தின் மேடை வரலாறு ஒரு நாள் எழுதப்படும். முதியவர்கள் இருக்கும்போதே இதனைச் செய்ய வேண்டும்.