பெயரை மறைத்தவர்களும் பெயர் மறைக்கப்பட்டவர்களும்

இசைத்தட்டு சேகரிக்கிறவர்களிடம் ஒரு மோகம் உண்டு. ஊர்பேர் தெரியாத பரிசோதனைக் கலைஞர்கள் கொஞ்சமாக அடித்து வெளியிட்ட முதல் தட்டு கிடைத்துவிட்டால் புதையல் கிடைத்த மாதிரி. அமெரிக்காவின் 'தி ரெசிடென்ட்ஸ்' குழு இதற்குப் பேர்போனது. 1974ல் அவர்களுடைய முதல் எல்.பி. வந்தபோது வாங்க ஆளில்லை. இன்றைக்கு அந்த முதல் பதிப்புக்கு அலைகிறார்கள். குழுவினர் பேர் சொல்லவில்லை. பிறகு கண்விழி முகமூடி மாட்டிக்கொண்டார்கள். ரசிகனின் எதிர்பார்ப்பு தொடாத இடத்தில்தான் சுத்தமான கலை பிறக்கும் என்று தத்துவமும் சொன்னார்கள்.

சரி, இந்தத் தத்துவத்தை நம்ம காசிமேட்டில் வைத்துப் பார்ப்போம்.

நானும் சேகரிக்கிறவன்தான். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வீடுகளில் பரண்மேல் கிடக்கும் கானா கேசட்டுகள். பெரும்பாலும் சி-60, பக்கத்துக்கு அரை மணி. சாவு வீட்டில் ராத்திரி பாடும்போது டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்துப் பிடித்தது. அதிலிருந்து காப்பி, காப்பியிலிருந்து காப்பி. டோலக்கு, தீப்பெட்டித் தாளம், பெண்கள் ஒப்பாரி, தூரத்தில் ஹார்பர் போகிற கூட்ஸ் வண்டி எல்லாம் கலந்து கேட்கும். 1948ல் பாரீசில் பியர் ஷேஃபர் ரயில் சத்தத்தைப் பதிந்து கோத்து இசையாக்கினார். அது முன்னோடி இசையாம். 1856லிருந்து ரயில் ஓடுகிற ராயபுரத்தில் ரயிலோடு சேர்ந்து பாடினவன் பாட்டு மட்டும் பொறம்போக்குப் பாட்டு. யாரு வச்ச அளவுகோல் இது?

கேசட் மேல் பால்பாயிண்ட் பேனாவில் 'கானா 2' என்றிருக்கும். செத்தவர் பேர் பாட்டுக்குள் இருக்கும். மரண கானாவின் வேலையே அதுதான். பாடினவர் பேர் இருக்காது. 1902ல் கிராமபோன் கம்பெனிக்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பேரைத் தானே உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். நம்ம ஆட்களும் சில நேரம் கடைசியில் பேரையும் ஏரியாவையும் வைப்பார்கள். என்னிடமுள்ள ஒரு கேசட்டில் சரியாக அந்த இடத்தின் மேல் சினிமாப் பாட்டு பதிந்திருக்கிறது.

சினிமா வேறு விதத்திலும் மேலே ஏறியது. 90களில் தேவா இசையில் கானா படங்களுக்குள் பரவியது. உறையில் சினிமாக்காரர்கள் பேர் இருந்தது, மெட்டு பிறந்த தெருவின் பேர் இல்லை. 2006ல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் சொந்த முகத்தோடு திரைக்கு வந்தார். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியபோது கானாக்காரர்கள் பேரோடு நின்றார்கள். அதற்கு முன்னால் பாடிச் செத்தவர்கள் கணக்கு?

ரெசிடென்ட்ஸ்காரர்களுக்குப் பேர் மறைப்பது விருப்பம். வேண்டும்போது வெளியே வரலாம். ஹார்டி ஃபாக்ஸ் 2017ல் வந்தார். பாரம் தூக்கிவிட்டு வந்து ராத்திரி பாடினவனுக்கு அந்த விருப்பம் எங்கே இருந்தது? அவன் பேரை யாரும் கேட்கவேயில்லை. இரண்டையும் 'அநாமதேயக் கலை' என்று ஒரே அலமாரியில் அடுக்குவது சாதியின் வேலையைச் சேகரிப்பாளன் செய்வதுதான்.

1994ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம்தான் இந்தியாவில் பாடுகிறவருக்கென்று தனி உரிமை கொடுத்தது. 2012 திருத்தம் 38பி பிரிவில், 'இதைப் பாடியது நான்' என்று அடையாளம் கோரும் உரிமையைச் சேர்த்தது. சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கோருவதற்கு முதலில் பேர் தெரியணும் இல்லையா?

அதனால் சேகரிப்பின் முறையை மாற்றணும். கேசட்டை எடுத்த தெருவுக்கே திரும்பக் கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் போட்டுக் காட்டுங்கள். 'இது இன்னாருடைய குரல்' என்று இரண்டு பேராவது சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சாவு, எந்த வருசம், டோலக்கு யார் என்று கேளுங்கள். அந்தக் குடும்பத்துக்கு ஒரு காப்பி கொடுங்கள். குடும்பம் சம்மதிக்காமல் வெளியிடாதீர்கள்.

பேர் தெரிந்தால் அபூர்வம் போய்விடும், விலை இறங்கும் என்கிறார்கள் சில நண்பர்கள். இறங்கட்டுமே.

கடல்காத்தில் டேப் பூஞ்சை பிடிக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் வீடுகளுக்குள் எண்ணெய்த் தண்ணி புகுந்தது. கேட்டுச் சொல்லக்கூடிய பெரியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்க வீட்டில் கேசட் இருந்தால் அதன் விளிம்பில் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். மேலே யாரும் பதிய முடியாது. அப்புறம் ஒரு பேனா எடுத்து, தெரிந்த பேரை அதன்மேல் எழுதுங்கள்.