சைலன்சருக்குச் செலவு, பிரேக்குக்குச் சிக்கனம்

பழைய புல்லட் ஒன்றை வாங்கியவர் முதலில் கைவைப்பது பெரும்பாலும் சைலன்சரில்தான். சென்னை புதுப்பேட்டையிலோ டெல்லி கரோல் பாக்கிலோ கடை வாசலில் போய் நின்றால் போதும். ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், கோல்டு ஸ்டார், இந்தூரி, பஞ்சாபி என்று கடைக்காரர் பெயர் சொல்லி எடுத்து அடுக்குவார். அதே வண்டியின் முன்சக்கரத்து டிரம் பிரேக்கைப் பற்றி வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் பேச்செடுப்பதில்லை. ஒற்றை சிலிண்டர் வண்டியைத் தன் விருப்பப்படி மாற்றி ஓட்டும் இந்தியப் பழக்கத்தில் போற்றத்தக்கது நிறைய உண்டு. ஆனால் எதை முதலில் மாற்றுவது என்ற வரிசை தலைகீழாகக் கிடக்கிறது.

போற்றத்தக்கதிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து புல்லட் வெளிவரத் தொடங்கியது. 1970இல் இங்கிலாந்துத் தாய்நிறுவனத்தின் கதை முடிந்த பிறகும் இங்கே அதே வண்டி பெரிய மாற்றமில்லாமல் வந்துகொண்டே இருந்தது. 346 சி.சி., 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், வார்ப்பிரும்பு சிலிண்டர், சுமார் 18 குதிரைத்திறன். தாத்தா காலத்து வண்டியின் பாகம் பேரன் வண்டிக்கும் ஏறக்குறையப் பொருந்தியது. எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி என்பதால் ஒன்றைத் தொடாமல் இன்னொன்றை இறக்கலாம். நாலு ஸ்பேனரும் பக்கத்தில் ஒரு லேத் பட்டறையும் இருந்தால் எந்தச் சிற்றூர் மெக்கானிக்கும் அதைப் பிரித்துப் பூட்டிவிடுவார். நிறுவனத்தின் தயவை எதிர்பாராமல் சொந்தக்காரரே வண்டியை ஆளக்கூடிய இந்த நிலைமைதான் மாற்றி ஓட்டும் பழக்கத்துக்கு அடித்தளம். கம்ப்யூட்டரைச் செருகினால்தான் கோளாறு தெரியும் என்றாகிவிட்ட இன்றைய வண்டிகளோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்பது புரியும்.

அந்தச் சுதந்திரம் அலங்காரத்துக்கு மட்டும் பயன்படவில்லை. பெட்ரோல் விலை கையைக் கடித்த காலத்தில் பட்டறைக்காரர்கள் புல்லட் சட்டத்தில் சிறிய டீசல் எஞ்சினை ஏற்றி ஓட்டினார்கள். பின்னர் என்ஃபீல்டே 325 சி.சி. டீசல் வண்டியை ‘டாரஸ்’ என்ற பெயரில் விற்றது. வேகம் கிடையாது, உதறல் அதிகம், ஆனால் ஒரு லிட்டரில் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். சௌராஷ்டிரத்திலோ புல்லட்டின் முன்பாதியோடு டீசல் எஞ்சினும் பின்னால் இரண்டு சக்கரமும் ஒரு தட்டும் சேர்ந்து ‘சக்கடா’ ஆயிற்று. வேர்க்கடலை மூட்டையும் ஆட்களும் ஒன்றாக ஏறிப் போன வண்டி அது. பார்க்க அழகில்லை என்று யாரும் குறை சொன்னதில்லை. தேவை இருந்தது, மாற்றம் அதற்குப் பதில் சொன்னது.

சைலன்சர் மாற்றம் எந்தத் தேவைக்குப் பதில் சொல்கிறது? ‘டப் டப்’ என்ற அந்த ஓசைக்காக என்பார்கள். ஓசை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஒற்றை சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பெட்ரோல் எரிகிறது. ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் நொடிக்கு ஏழு வெடிப்புகூட இல்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவே எஞ்சினை அணையாமல் இழுத்துக்கொண்டு போவது கனத்த ஃபிளைவீல். காது தனித்தனியாக எண்ணக்கூடிய அந்தத் தாளம் நீண்ட ஸ்ட்ரோக்கும் ஃபிளைவீலும் சேர்ந்து தருவது. சைலன்சரின் உள்தடுப்பை எடுத்துவிட்டால் தாளம் மாறுவதில்லை, சத்தம்தான் கூடுகிறது.

கூடவே வேறு சிலவும் நடக்கின்றன. புகை வெளியேறும் தடை குறைந்ததும், அதற்கேற்ப ஏர் ஃபில்டரும் திறந்த வகைக்கு மாறியதும், எரிகலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைகிறது. கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்காவிட்டால் எஞ்சின் சூடேறும். நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். சைலன்சரை மாட்டிவிடும் கடையில் ஜெட்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஓடும்போதே இக்னிஷனை அணைத்துப் போட்டு, எரியாத பெட்ரோலைச் சைலன்சருக்குள் வெடிக்கவைக்கும் ‘பட்டாசு’ விளையாட்டு இன்னும் ஒரு படி மேல். இந்தியாவில் 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளைத் தயாரிக்கும்போது ஒலி வரம்பு 80 டெசிபல். அந்த வரம்புக்குள் வண்டியைக் கொண்டுவர எடுத்த மெனக்கெடல் முழுவதையும் ஒரே ஒரு போல்ட்டைத் திருகி ஒழித்துவிடலாம். மருத்துவமனைத் தெருவில் குடியிருப்பவர் இந்தக் கலைப்பொருளை ரசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

தோற்ற மாற்றங்களின் கதை வேறு. ஹேண்டில்பாரைத் தாழ்த்திக் குனிந்து ஓட்டும் ‘கஃபே ரேசர்’ பாணி, லண்டன் ஏஸ் கஃபேயைச் சுற்றி 1950, 60களில் பறந்த இளைஞர்களிடம் பிறந்தது. அவர்கள் கழற்றியதும் தாழ்த்தியதும் வேகத்துக்காக. நம் ஊர் சிக்னலில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே நாளைக் கழிப்பவருக்கு அந்தக் குனிவால் கிடைப்பது மணிக்கட்டு வலி. ஃபுட்ரெஸ்டைப் பின்னுக்கு நகர்த்தாமல் ஹேண்டிலை மட்டும் தாழ்த்தினால் உடம்பின் பாரம் முழுக்கக் கையில் இறங்கும். பின்சட்டத்தை அறுத்து ஒற்றை சீட் போடும் ‘பாபர்’ பாணியில், மட்கார்டைக் குறுக்கியவரின் முதுகில் முதல் மழையே கோலம் போட்டுவிடும். இருந்தாலும் இதை முழுக்கக் கேலி செய்ய மனம் வரவில்லை. ஜெய்ப்பூரின் ராஜ்புதானா கஸ்டம்ஸ் போன்ற பட்டறைகள் செய்து காட்டிய வண்டிகளில் டேங்கின் வளைவும் சட்டத்தின் கோடும் இழைந்து போவதைப் பார்த்தால், இந்தியாவின் தகடு வேலைக்காரர்களின் கைத்திறன் எந்த நாட்டுக்கும் இளைத்ததில்லை என்பது தெரியும். சிக்கல் நகலெடுப்பில்தான் இருக்கிறது. படத்தில் பார்த்த கொழுத்த டயரை, 19 அங்குலச் சக்கரத்துக்கும் குறுகிய இடைவெளிக்கும் என வடித்த சட்டத்துக்குள் திணிக்கிறார்கள். செயின் டயரில் உரசுகிறது, திருப்பத்தில் வண்டி முரண்டு பிடிக்கிறது.

இதற்கு எதிர்முனையில் நிற்பவர்கள் ஓர் ஆணியைக்கூட மாற்றக் கூடாது என்னும் சுத்த சைவர்கள். ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரெஷன் லிவரை அழுத்தி, பிஸ்டனை உச்சியிலிருந்து ஒரு நூல் தாண்டவைத்து, பிறகு ஒரே மிதியில் கிளப்பும் சடங்கை அவர்கள் குருமுகமாகக் கற்றவர்கள். அந்தப் பொறுமை மதிக்கத்தக்கது. ஆனால் அசல் மாறக் கூடாதென்று ஆறு வோல்ட் முகப்பு விளக்கோடு இரவில் நெடுஞ்சாலை ஏறுவதை மதிக்க முடியாது. எதிரே வரும் லாரிக்காரருக்கு அந்த விளக்கு தெரிந்தால் பெரிய விஷயம்.

உண்மையில் மாற்ற வேண்டியவை கண்ணை உறுத்தாத இடங்களில் இருக்கின்றன. மின்சாரத்தைப் பன்னிரண்டு வோல்ட்டாக்குவது, பிளாட்டினம் பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன், முன்சக்கரத்தில் இரட்டை லீடிங் ஷூ பிரேக் அல்லது டிஸ்க். பழைய புல்லட்டில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும். தினமும் வேறு வண்டி ஓட்டுபவர் பதற்றத்தில் பிரேக்குக்குப் பதில் கியரை மிதித்துவிடுவார். குறுக்கே ஒரு தண்டு போட்டு இதை இடம் மாற்றும் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். கியர் விழுவது சற்றுத் தளர்வாகும் என்பது அதன் குறை. இரண்டில் எது மேல் என்றால், தளர்வான கியரே மேல்.

ஓட்டும் முறையையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஒற்றைப் பிஸ்டனின் ஆட்டத்தை எதிர்எடையால் பாதியளவுக்குத்தான் சமன்செய்ய முடியும். மீதியைச் சட்டமும் ஓட்டுபவரின் உள்ளங்கையும் வாங்கிக்கொள்கின்றன. அந்த விசை சுழல் வேகத்தின் இருமடியாக வளர்கிறது. 3000 சுற்றிலிருந்து 4500க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, உதறல் இரண்டேகால் மடங்கு. நட்டுகள் தாமாகக் கழன்று விழுவதாகப் புல்லட்டைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளுக்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது. 2020இல் மீட்டியோர் 350உடன் வந்த புதிய எஞ்சினில் உதறலை அடக்கத் தனித் தண்டே வைத்தார்கள். அது இல்லாத பழைய வண்டி மணிக்கு எழுபது கிலோமீட்டருக்குள் ஆனந்தமாகப் போகும். போரை அகலமாக்கிச் சக்தி ஏற்றுபவர்கள் அந்த எழுபதைத்தான் தொலைக்கிறார்கள்.

சட்டம் இந்த வேறுபாடுகளைப் பார்ப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழிசெய்தது. நடைமுறையில் பிடிபடுவது காதுக்குக் கேட்பது மட்டுமே. பல நகரங்களில் போலீசார் பறித்த சைலன்சர்களைச் சாலையில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றுவது புகைப்படத்துக்கு நன்றாக இருக்கிறது. சிந்தித்துப் பிரேக்கை மேம்படுத்தியவரோ, எந்த வரிக்குள் தான் வருகிறோம் என்று தெரியாமல், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் தருவார்களா என்ற கவலையோடு ஓட்டுகிறார்.

ராயல் என்ஃபீல்டே 2020இல் ‘மேக் இட் யுவர்ஸ்’ என்ற பெயரில் வாங்கும்போதே நிறமும் சீட்டும் கண்ணாடியும் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது. சட்டச் சிக்கல் இல்லாத வழி, ஆனால் புதிய வண்டிகளுக்கானது. திருவொற்றியூரில் செய்த பழைய இரும்பு எஞ்சின் வண்டிக்கு நல்ல பிரேக் பாகங்களை இங்கிலாந்தின் ஹிட்ச்காக்ஸ் கடை பட்டியல் போட்டு விற்கிறது. இங்கே பதினைந்து ஆண்டு முடிந்த வண்டியைப் பதிவு புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோயாக வேண்டும். பழைய வண்டிகளுக்கு இந்த இந்த பிரேக், விளக்கு, வயரிங் பாகங்களைப் பொருத்தலாம் என்று ஓர் அங்கீகாரப் பட்டியலை வெளியிட்டு, மாட்டியதை அந்தச் சோதனையிலேயே பார்த்து ஆர்.சி.யில் பதிந்து தரலாம். அதற்குப் புதிய அலுவலகமோ புதிய ஆட்களோ தேவையில்லை.