லெக்சஸ் எல்எஸ் 500ஹெச்: பின்சீட்டின் இடதுபக்கத்துக்காக ஒரு கார்

முதலில் நீளத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்குள் இந்தக் காரை ஓட்டும் நேரத்தில் பாதி அந்தக் கவலையிலேயே போகிறது. மூக்கிலிருந்து வால்வரை 5,235 மில்லிமீட்டர். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே மட்டும் 3,125. மாருதி ஆல்டோ 800 முழுசாகவே 3,445 தான். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துக் குறுக்கிவிட்ட மயிலாப்பூர்த் தெருக்களில் இதைத் திருப்ப எதிரே வரும் ஆட்டோக்காரரின் தயவு வேண்டும். அது கிடைக்கவும் செய்கிறது. வண்டியின் முகம் அப்படி. நடுவில் ஒடுங்கி மேலும் கீழும் விரிகிற அந்த கிரில்லை, கணினித் திரையில் ஆயிரக்கணக்கான சிறு பரப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்தி மாதக்கணக்கில் செதுக்கினார்களாம். அவ்வளவு உழைத்தும் எனக்குப் பிடிக்கவில்லை. பக்கவாட்டில் நின்று பாருங்கள், கூபே போலச் சரிந்து இறங்கும் கூரைக்காக முகத்தை மன்னித்துவிடலாம்.

நான் ஓட்டியது நண்பர் ஒருவரின் குடும்பத்து வண்டி. 2018 ஜனவரியில் எல்எஸ் 500ஹெச் இந்தியாவில் அறிமுகமானபோது ஷோரூம் விலை 1.77 கோடியில் தொடங்கியது. ஜப்பானில் ஐச்சி மாகாணத்துத் தஹாரா தொழிற்சாலையில் முழுதாகக் கட்டி முடித்துக் கப்பலில் வருகிற கார் என்பதால் சுங்க வரியின் கனம் அந்த விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இதோடு போட்டியிடும் பிஎம்டபிள்யூ 7 சீரிஸை நம் ஜி.எஸ்.டி. சாலையோரத்தில், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி பக்கமே பூட்டி அனுப்புகிறார்கள். அப்போது பெரிய சொகுசு செடான்களுக்கு செஸ் சேர்த்து 48 சதவீதம் வரி, ஹைப்ரிடுக்கு 43 சதவீதம். அந்த ஐந்து புள்ளிச் சலுகை ஜப்பானிலிருந்து வருகிற செலவைச் சரிக்கட்டப் போதாது. எனவே ‘ஹைப்ரிட் வாங்கினால் காசு மிச்சம்’ என்கிற பேச்சை இந்தக் காரிடம் எடுக்கவே வேண்டாம். நகருக்குள் திரையில் தெரிந்த மைலேஜ் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டரை ஒட்டியே இருந்தது. திண்டிவனம் வரை 90ஐத் தாண்டாமல் நிதானமாகப் போனபோது 14 பக்கம் ஏறியது. இரண்டேகால் டன் எடைக்கு அது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இரண்டு கோடி கொடுத்தவர் பெட்ரோல் பங்கில் கணக்குப் பார்க்கப் போவதில்லை.

அப்புறம் ஹைப்ரிட் எதற்கு? அமைதிக்கு.

கதவைத் திறந்தாலே வண்டி ஏர் சஸ்பென்ஷனில் சற்று மேலே எழுந்து கொடுக்கிறது. பட்டுப்புடவைக்காரர்களும் முழங்கால் வலிக்காரர்களும் இந்த ஒன்றுக்காகவே வாழ்த்துவார்கள். பட்டனை அழுத்தினால் இன்ஜின் சத்தம் ஏதும் வராது, ‘ரெடி’ என்று ஒரு விளக்கு மட்டும். பெடலைத் தொட்டால் மோட்டார் நகர்த்துகிறது. நுங்கம்பாக்கத்திலிருந்து கிளம்பி கத்திப்பாரா வரும்வரை இன்ஜின் விட்டுவிட்டுத்தான் வேலை செய்தது. எப்போது எழுகிறது, எப்போது படுக்கிறது என்று காதை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. திரையில் ஓடும் அம்புக்குறிகளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நம் ஊருக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. ஏ.சி. கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவது. சிக்னலில் இன்ஜின் அணைந்தாலும் குளிர் குறைவதில்லை. சாதாரண கார்களில் ‘ஆட்டோ ஸ்டாப்’ வந்ததும் காற்று வெதுவெதுப்பாகிறதே, அந்த எரிச்சல் இதில் இல்லை. ஆனால் பேட்டரி சின்னது, 84 லித்தியம் செல்கள், 310.8 வோல்ட், கொள்ளளவு ஒரு யூனிட்டைச் சற்றே தாண்டும். வெயிலில் நெரிசல் நீண்டால் சார்ஜ் இறங்கி, நின்றபடியே இன்ஜின் எழுந்து பேட்டரியை நிரப்பும். வீட்டில் செருகிச் சார்ஜ் ஏற்றுகிற வகையும் இது இல்லை. மின்சாரக் கார் வாங்கிவிட்டோம் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம்.

பானெட்டுக்குக் கீழே இருக்கும் ஏற்பாட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், என் புகார் அங்கேதான் பிறக்கிறது. 3.5 லிட்டர் வி6 பெட்ரோல் இன்ஜின், 299 குதிரைத்திறன். மோட்டாரோடு சேர்ந்து 359. 1997இல் பிரியஸ் வந்த நாள்முதல் டொயோட்டாவின் ஹைப்ரிடுகளில் ஒரு கோள்பல்சக்கரத் தொகுதிதான் இன்ஜினையும் இரண்டு மோட்டார்களையும் இணைக்கிறது. சிக்கனத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. குறை ஒன்றுதான்: அவசரமாக ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உச்சஸ்தாயியில் போய் நின்றுகொண்டு கத்தும், வேகம் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வரும். காலுக்கும் காதுக்கும் தொடர்பு அறுந்துபோகிற உணர்ச்சி. இதைத் தீர்க்கத்தான் லெக்சஸ் பொறியாளர்கள் அந்தத் தொகுதிக்குப் பின்னால் நிஜமான நான்கு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் ஒன்றைப் பூட்டினார்கள். முதல் மூன்று கியர்களில் ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் மூன்று படிகளை உண்டாக்கும், ஆக ஒன்பது. நான்காவது கியர் பத்தாவது படி. முதலில் எல்சி 500ஹெச் என்கிற கூபேயில் வந்த அமைப்பு இது.

ஈ.சி.ஆரில் கோவளம் தாண்டி, சாலை விரிந்த இடத்தில் ஸ்போர்ட் நிலையில் வைத்து மிதித்துப் பார்த்தேன். ரப்பரை இழுத்துவிட்டது போன்ற பழைய தொய்வு போய்விட்டது. ஒவ்வொரு படிக்கும் ஊசி இறங்கி ஏறுகிறது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்புகளைத் தட்டினால் கீழ்ப்படிகிறது. நூறைத் தொட 5.4 நொடி என்கிறது நிறுவனம். அந்த வேகம் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நேரத்தில் எழுகிற வி6 இன் குரல் இந்தக் காருக்கு உரியதல்ல. சற்று முன்வரை மூச்சுக்கூட விடாமல் ஓடிய வண்டி, ஒரு லாரியை முந்துவதற்குள் இவ்வளவு உரக்கப் பேசுகிறதே என்று தோன்றியது. இதே நிறுவனம் 2007இல் கொண்டுவந்த எல்எஸ் 600ஹெச்சில் 5 லிட்டர் வி8 இருந்தது. இரண்டு சிலிண்டரைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தைப் படிகளால் நிரப்பியிருக்கிறார்கள். பாதிப் பெடலில், எழுபது எண்பதில் போகும்போது மட்டும் எல்லாம் பழையபடி அமைதி. காலை எடுத்துவிட்டால் இன்ஜின் அணைந்துகொள்கிறது. லேசான பெடலில் மணிக்கு 140 கி.மீ. வேகத்திலும் இன்ஜினைத் தூங்கவைத்துவிட்டு ஓட இந்த அமைப்பால் முடியும்.

வளைவுகளில் இது எடையை மறைப்பதில்லை, ஆனால் தடுமாறுவதும் இல்லை. பிரேக் பழக வேண்டும். மின்சாரத்தை மீட்கிற பிரேக்கும் சாதாரண பிரேக்கும் கைமாறுகிற இடம், நிற்கப்போகும் கடைசி இரண்டடியில், கவனமில்லாத காலுக்கு ஒரு சின்ன உலுக்கலாகத் தெரிகிறது. இருபது அங்குலச் சக்கரமும் ரன்-ஃப்ளாட் டயரும் சேர்ந்து, மெதுவாகப் போகும்போது தார்ச்சாலையின் ஒட்டுகளைக் கொஞ்சம் உள்ளே அனுப்புகின்றன. வேகம் ஏறினால் அதுவும் மறைந்துவிடுகிறது. ஸ்பீட் பிரேக்கர் தனிக்கதை. உயரத்தைக் கூட்டும் பட்டன் இருக்கிறது; மாமல்லபுரம் போகும் வழியில் அதை அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்துவிடும்.

திரும்பும்போது சாவியை வீட்டு டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் இடதுபக்கம் உட்கார்ந்தேன். இந்தக் காரை யார் வாங்குவார், எங்கே உட்காருவார் என்பதற்கு அந்த ஒரு இருக்கையே பதில். நடுக் கைப்பிடியில் இருக்கும் சிறு தொடுதிரையில் தட்டினால் முன்னால் இருக்கும் இருக்கை தானாக நகர்ந்து, மடங்கி, வழிவிடுகிறது. காலுக்கு ஒரு பலகை எழுகிறது. முதுகு 48 டிகிரி வரை சாய்கிறது. அப்புறம் ஷியாட்சு மசாஜ். மற்ற கார்களில் மசாஜ் என்றால் யாரோ முதுகுக்குப் பின்னால் பூனையை விட்ட மாதிரி இருக்கும். இது தோளில் தொடங்கி இடுப்புவரை சூட்டோடு அழுத்திக்கொண்டு இறங்குகிறது. மார்க் லெவின்சன் ஒலியமைப்பில் 23 ஸ்பீக்கர், கூரையிலும் உண்டு. இளையராஜாவின் பழைய ஒலிப்பதிவுகளில் வயலின் கூட்டத்துக்குள் தனியாக ஓடும் புல்லாங்குழலை இவ்வளவு தெளிவாக எந்தக் காரிலும் கேட்டதில்லை. வலதுபக்கம் உட்காருபவருக்குக் கால்பலகை கிடையாது. நடுவில் மூன்றாவதாக ஒருவரை உட்காரவைப்பது விரோதம் தேடுவதற்குச் சமம். பின்சக்கர இயக்கத்துக்கான மேடு காலை வைக்க விடாது.

கைவேலையைச் சொல்லாமல் விட முடியாது. உயர்ந்த வகைகளில் கதவுப் பலகைக்குக் கிரிகோ என்னும் செதுக்குக் கண்ணாடி, அதன் கீழே கையால் மடித்த துணி மடிப்புகள். 2021இல் 2.22 கோடிக்கு வந்த நிஷிஜின் வகையில் கியோட்டோவின் பட்டு நெசவும் பிளாட்டினத் தகடும். காஞ்சிபுரத்து ஊரில் ஜரிகையைக் காட்டி மயக்க முடியாது என்றாலும், அந்த மடிப்புகளை விரலால் தடவிப் பார்க்காமல் இறங்க மனம் வரவில்லை.

டிரைவர் இதற்கு முன் ஜெர்மன் டீசல் ஒன்றைப் பல வருஷம் ஓட்டியவர். “எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டேன்.

“அதுல பிக்கப் வேற மாதிரி சார். லேசாத் தொட்டாப் போதும், பாயும். இதை அப்படி மிதிக்கக் கூடாது. கத்தும். மிதிக்க வேண்டிய அவசியமும் இல்ல. ஐயா பின்னால போன் பேசிட்டு வருவார். நான் எப்ப நின்னேன், எப்பக் கிளம்பினேன்னு அவருக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான் வேலை.”

நிறுவனத்தின் விளம்பரப் புத்தகம் முழுவதையும் விட எனக்கு இது தெளிவாக இருந்தது. 1989இல் முதல் எல்எஸ் 400 அமெரிக்காவுக்குப் போனபோது, உருளைகள்மேல் சக்கரங்களைச் சுழலவிட்டு, பானெட்டின்மேல் அடுக்கிய ஷாம்பெயின் கோப்பைகள் அசையாமல் நிற்பதைத்தான் விளம்பரத்தில் காட்டினார்கள். அலுங்காமை என்கிற அந்த ஒரு குணத்தை வைத்துத்தான் மெர்சிடீஸை அசைத்தார்கள். இந்த ஐந்தாம் தலைமுறையில் பத்துப் படியும் ஸ்போர்ட் நிலையும் யாரைத் திருப்திப்படுத்த வந்தன? ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பணக்காரரை. அமெரிக்காவில் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். இங்கே ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் சம்பளத்துக்கு ஓட்டுகிறார், அவரோ படிகளை மறைப்பதையே திறமையாக வைத்திருக்கிறார். பழைய பிரியஸ் பாணியிலேயே விட்டு, அதன்மேல் ஒரு சாதுவான வி8ஐ வைத்திருந்தால் இந்த ஊருக்கு அதுவே சரியான எல்எஸ் ஆகியிருக்கும். மாசுக் கட்டுப்பாடும் எரிபொருள் விதிகளும் அதற்கு இடம் தராது என்பது வேறு விஷயம்.

சில்லறைக் குறைகளில் பெரியது முன்சீட்டு நடுவே இருக்கும் டச்பேட். 12.3 அங்குலத் திரை எட்டாத தூரத்தில் இருக்கும். அதில் அம்பை நகர்த்த விரலால் பேடைத் தேய்க்க வேண்டும். ஓடுகிற வண்டியில், இடது கையால், ரேடியோ மாற்றக்கூட கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடியில் தெரிகிற அகலமான ஹெட்-அப் டிஸ்ப்ளே இல்லாவிட்டால் இதை ஆபத்து என்றே எழுதியிருப்பேன். 2018 வண்டிகளில் ஆப்பிள் கார்பிளேயும் கிடையாது. பேட்டரி பின்னிருக்கைக்குப் பின்னால் இடம்பிடித்துக்கொண்டதால் டிக்கி 430 லிட்டர்தான். நாலு பேர் விமான நிலையம் போகும்போது இரண்டு பெரிய பெட்டிக்கு மேல் என்றால் பின்னால் ஒரு இன்னோவா வர வேண்டும்.

ஹைப்ரிடின் அமைதியும் மைலேஜும் மட்டும் போதும் என்பவர் இவ்வளவு தூரம் வரவே தேவையில்லை. பெங்களூருக்கு அடுத்த பிடதியில் 2020 முதல் பூட்டப்பட்ட இஎஸ் 300ஹெச், அப்போது 52 லட்சத்தை ஒட்டித் தொடங்கியது. நாலு சிலிண்டர், முன்சக்கர இயக்கம், 4,975 மி.மீ. நீளம், மயிலாப்பூரில் திருப்பவும் முடியும். எல்எஸ் அதற்கு மேலே ஒரு இருக்கையை விற்கிறது, காரை அல்ல.

அந்த இருக்கைமேல் ஆசைப்பட்டுப் பழைய வண்டியாக வாங்க நினைப்பவர்கள் 2021 மாடலிலிருந்து தேடுங்கள். திரை கைக்கு அருகே வந்து தொடுதிரையும் ஆனது அதில்தான், சஸ்பென்ஷனையும் கொஞ்சம் இளக்கியிருக்கிறார்கள். எந்த வருஷத்து வண்டி ஆனாலும் ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் நாலு மூலையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஏர் சஸ்பென்ஷன் கசிந்தால் ஒரு மூலை தாழ்ந்திருக்கும், அதன் செலவு லேசில் முடியாது. ஹைப்ரிட் பேட்டரியின் நிலையை ஸ்கேனர் போட்டு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசியாக, உங்கள் வீட்டு கேட்டை அளந்துவிட்டுப் போங்கள்.