குளுக்கோஸ் டப்பாவும் கொஞ்சம் கணக்கும்

விடியற்காலையில் எங்கள் கல்லூரி மைதானத்துக்கு வந்து பாருங்கள். காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் ஓடிப் பழகும் மாணவர்கள் பலரைக் காணலாம். ஓட்டம் முடிந்ததும் சிலர் அவசரமாகக் குளுக்கோஸ் தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறார்கள். ‘அரை மணிக்குள் குடிக்காவிட்டால் ஓடியது வீண்’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலைச் சிற்றுண்டிக்கு வைத்திருந்த காசில் டப்பா வாங்கியவரும் அவர்களுள் உண்டு. இக்கூற்று எந்த அளவுக்கு உண்மை? வாசகர்களே, சற்று ஆராய்வோம்.

முதலில் இதிலுள்ள உண்மையை ஒப்புக்கொள்வோம். நாம் உண்ணும் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக மாறி, இரத்தத்தில் கலந்து, தசைகளில் கிளைக்கோஜன் என்னும் பொருளாகச் சேமிக்கப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் கல்லீரலில் சுமார் 100 கிராமும் இருக்கும். வேகமாக ஓடும்போது இதுவே முக்கிய எரிபொருள். ஓடி முடித்த தசையின் செல்களில் குளுக்கோஸ் நுழையும் வாயில்கள் மிகுதியாகத் திறந்திருக்கும். எனவே அப்போது உண்டால் சேமிப்பு விரைவாக நடக்கிறது. அமெரிக்காவில் ஐவி என்பவரின் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. சைக்கிள் வீரர்கள் 70 நிமிடம் கடுமையாக மிதித்தபின் உடனே மாவுச்சத்துப் பானம் அருந்தியபோது, இரண்டு மணி கழித்து அருந்தியதைவிட வேகமாகக் கிளைக்கோஜன் சேர்ந்தது.

டப்பாவுக்காக வாதாடுவோர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்த ஆய்வு அளந்தது முதல் நான்கு மணி நேரத்தை மட்டுமே. 1997இல் பார்க்கின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு 8 மணி, 24 மணி கழித்து அளந்தது. இரண்டு மணி தாமதித்து உண்டபோதும் கிளைக்கோஜன் ஏறக்குறைய அதே அளவுக்குச் சேர்ந்திருந்தது.

இதற்கு வீட்டு மாடித் தொட்டியே போதிய விளக்கம். தொட்டியில் சில குடம் நீர் எடுத்துவிட்டோம்; அடுத்து நாளைக் காலையில்தான் எடுக்கப் போகிறோம். அது ஒரு மணியில் நிரம்பினால் என்ன, பத்து மணியில் நிரம்பினால் என்ன? நிரம்பும் வேகம் வேறு, நிரம்பும் அளவு வேறு. இவ்விரண்டையும் குழப்புவதே ‘அரை மணி’ வாதத்தின் பிழை.

எவ்வளவு எடுத்தோம் என்பதையும் கணக்கிடுவோம். ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ள மாணவர் 3 கிலோமீட்டர் ஓடினால் 180 கிலோகலோரி. ஒரு கிராம் மாவுச்சத்து தருவது 4 கிலோகலோரி. ஆகவே முழுவதும் மாவுச்சத்திலிருந்தே செலவானாலும் 45 கிராம்தான்! நடுத்தர அளவுள்ள இரண்டு வாழைப்பழங்கள் இதை ஈடுசெய்யும்.

அப்படியானால் வேகம் யாருக்குத் தேவை? காலையில் ஒரு போட்டி, பிற்பகலில் மற்றொரு போட்டி என ஓடுபவருக்கு. எட்டு மணிக்குள் மீண்டும் கடுமையாக உழைக்க வேண்டியவர், முதல் நான்கு மணி நேரம், மணிக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் அளவில் மாவுச்சத்து உண்பது பயன்தரும். அவருக்குக் குளுக்கோஸ் உதவும். சோறும் பழமும்கூட உதவும். நீரிழிவு நோயாளிக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறையும்போது குளுக்கோஸ் உயிர்காப்பது. அது வேறு செய்தி.

மற்றவர்கள் பார்க்க வேண்டியது, மாவுச்சத்தோடு கூட வேறென்ன வருகிறது என்பதே. இட்லியில் உளுந்தின் புரதமும் சேர்கிறது. சாம்பாரின் பருப்பு அதை மேலும் கூட்டுகிறது. உழைத்த தசையைச் செப்பனிடப் புரதம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. வாழைப்பழம் பொட்டாசியம் தரும். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொண்டைக்கடலைச் சுண்டலும் நார்ச்சத்தும் தரும். வெறும் குளுக்கோஸ் தூளில் இவற்றுள் எதுவும் இல்லை.

ஆகவே மாணவ நண்பர்களே, ஓடி முடித்ததும் தண்ணீர் குடியுங்கள். பதற்றமின்றி வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிடுங்கள். டப்பாவுக்கென எடுத்து வைத்த காசைச் சிற்றுண்டிக்கே திருப்பிவிடுங்கள். நாளைக் காலை ஓட்டத்துக்கு இன்னும் முழுதாக ஒரு நாள் இருக்கிறது.