பழைய சாலையில் ஒரு நாள்
சிலிம் ரிவர் முதல் ஈப்போ வரை: எப்படி ரசிப்பது?

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் எல்லோஸ்டோன் படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகின்றன. காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்து நிற்கும், பின்னால் கார்கள் வரிசையாகக் காத்திருக்கும். 1872இல் உருவான அந்தத் தேசியப் பூங்காவில் பரந்த புல்வெளிகள் இருக்கின்றன. மிருகம் வெகு தூரத்தில் நின்றாலும் கண்ணில் பட்டுவிடும். நம் மழைக்காட்டில் பத்தடி தள்ளி நிற்பதுகூடத் தெரியாது. அதனால் இங்கே காரில் சுற்றிப் பார்க்கப் போகிறவர் வேறு கணக்குப் போட வேண்டும். எத்தனை மிருகம் பார்த்தோம் என்று எண்ணினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வெளிச்சம் எந்தப் பக்கம், காடு எங்கே தொடங்குகிறது, எந்த நேரத்தில் என்ன சத்தம் என்று கவனித்தால் ஒரு நாள் போதாது.

இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள நல்ல இடம் சிலிம் ரிவரிலிருந்து வடக்கே போகும் பழைய சாலை. துரோலாக், சுங்காய், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங் வழியாக ஈப்போவுக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்த பிறகு இதை லாரிகளுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் விட்டுவிட்டோம். ரசிக்கப் போகிறவருக்கு அது நல்லதாகப் போயிற்று.

முதலில் மலை எந்தப் பக்கம்?

வடக்கே போகும்போது தித்திவாங்சா மலைத்தொடர் வலப்பக்கம், அதாவது கிழக்கே. நம் காரில் ஓட்டுநர் உட்காருவதும் வலப்பக்கம். காலையில் சூரியன் அந்த மலைக்குப் பின்னாலிருந்து எழுவதால் மலை ஒரே கருநீல நிழலாகத் தெரியும். மரமும் பாறையும் பிரிந்து தெரியாது. மாலையில் மேற்கு வெயில் நேராக மலைமேல் விழும். மடிப்புகள், வெட்டவெளிகள், அருவிக் கோடுகள் எல்லாம் அப்போதுதான் துலங்கும். தெற்கே திரும்பி வரும்போது மலை இடப்பக்க ஜன்னலுக்கு வந்துவிடும். ஓட்டாதவர்கள் நிம்மதியாகப் பார்க்கலாம்.

ஆகவே திட்டம் எளிது. காலையில் வடக்கே போங்கள், காதைத் திறந்து வையுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் தெற்கே திரும்புங்கள், கண்ணுக்கு வேலை கொடுங்கள்.

விளிம்பில் நில்லுங்கள்

இந்தச் சாலையின் இருபுறமும் ஒரு காலத்தில் ரப்பர். இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்தில் பிறந்தவர்கள் ‘இதில் பார்க்க என்ன இருக்கிறது’ என்பார்கள். கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரிகிறதா என்று பாருங்கள். அது கூகைக்கு வைத்த வீடு. செம்பனைக் குலையை எலி கடித்து நாசம் செய்யும். எலி மருந்தைக் குறைக்கத் தோட்டங்கள் கூகையைக் குடியமர்த்துகின்றன. பெட்டிக்குக் கீழே எலும்பும் மயிருமாக உருண்டைகள் கிடந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். செப்டம்பர் முதல் மார்ச் வரை மின்கம்பிகளையும் பாருங்கள். வடக்கேயிருந்து வந்த தகைவிலான்களும் பஞ்சுருட்டான்களும் உட்கார்ந்திருக்கும்.

செம்பனை வரிசை முடிந்து காடு தொடங்கும் இடமே மிக முக்கியம். காட்டுப் பன்றி, கருங்குரங்கு, உடும்பு எல்லாம் அந்த விளிம்புக்குத்தான் வரும். காட்டுக்குள் பத்து நிமிடம் வெறித்துப் பார்ப்பதைவிட விளிம்பில் ஐந்து நிமிடம் சும்மா நிற்பது பலன் தரும். பாலங்களும் விளிம்புதான். காரைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி ஆற்றின் இரு கரையையும் பார்த்தால் மீன்கொத்தியாவது நிச்சயம்.

துரோலாக் பக்கம் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். 1942 ஜனவரி 7, விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் இதே சாலையில் வந்து 11ஆவது இந்தியப் படைப்பிரிவைச் சிதறடித்தன. நான்கு நாளில் கோலாலம்பூர் விழுந்தது. இருபுறமும் ரப்பர் நெருக்க, நடுவே தார்ச்சாலை ஒன்றுதான் வழி. இந்த நிலத்தைப் பார்த்தவருக்கு அந்தப் போர் வரைபடம் இல்லாமலே புரியும்.

சுங்காயில் செலாடாங், தாப்பாவில் சத்தம்

சுங்காயில் வனவிலங்குத் துறையின் பாதுகாப்பு மையம் இருக்கிறது. செலாடாங் என்னும் காட்டெருதையும் காட்டுக்கோழி இனங்களையும் அங்கே பெருக்குகிறார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். வளர்ந்த கடா ஒரு டன் எடையைத் தொடும். முழங்காலுக்குக் கீழே நான்கு காலும் வெள்ளை. இவ்வளவு பெரிய உடம்பு நம் காட்டுக்குள் எப்படி மறைகிறது என்று அங்கே நின்று யோசித்துப் பாருங்கள், மழைக்காட்டின் அடர்த்தி விளங்கும்.

தாப்பாவில் வலப்பக்கம் பிரியும் 59ஆம் எண் சாலை கேமரன் மலைக்கு ஏறுகிறது. மலைவரை போக வேண்டாம். லாத்தா இஸ்கந்தார் அருவி வரை போதும். காலை ஒன்பதரைக்குள் போய், என்ஜினை அணைத்துவிட்டு, பேசாமல் நில்லுங்கள். மலைச்சரிவில் சியாமாங் குரங்குகள் பாடினால் இரண்டு கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும். தொண்டைப் பை ஊதும் முழக்கம் தனியாகத் தெரியும். இருவாய்ச்சி பறந்தால் தலையைத் தூக்குவதற்கு முன்பே அதன் சிறகோசை கேட்டுவிடும், பழைய நீராவி ரயில் மேட்டில் ஏறுவது போல.

வழியில் செமாய் மக்கள் கடை போட்டிருப்பார்கள். பெத்தாய், தேன், பருவத்தில் டுரியான். வாங்கும்போது எந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். அந்தக் காட்டை அறிந்தவர்கள் அவர்கள்தான்.

கோப்பெங்கில் பூவும் பட்டாம்பூச்சியும்

கோப்பெங்கிலிருந்து உலு கெரோவுக்குப் போனால் செமாய் வழிகாட்டிகளோடு ரஃப்லீசியா தேடலாம். மொட்டு மாதக்கணக்கில் வளரும், விரிந்த பூ ஒரு வாரம் தாங்கினால் அதிகம். எனவே முதலில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். பூ இல்லாவிட்டாலும் ராஜா புரூக் பட்டாம்பூச்சிக்காகப் போகலாம். கறுத்த சிறகில் பற்களைப் போன்ற பச்சை வரிசை, சிவந்த கழுத்து. தாதுச்சத்து ஊறும் ஈர மண்ணில் ஆண் பூச்சிகள் கூட்டமாக இறங்கும். 1855இல் ஆல்பிரட் வாலஸ் சரவாக்கின் ராஜா ஜேம்ஸ் புரூக்கின் பெயரை இதற்குச் சூட்டினார்.

நேரம் இருந்தால் பத்து காஜா பக்கம் திரும்புங்கள். 1938இல் கட்டிய ஐந்தாம் எண் ஈயக் கப்பல் 1982 வரை மண்ணைத் தோண்டியது. அதைப் போன்றவை விட்டுப்போன குட்டைகளில் இப்போது கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன.

சில கட்டுப்பாடுகள்

எல்லோஸ்டோனில் கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர், மற்ற விலங்குகளிடமிருந்து 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். போட்டுப் பழக்கினால் அது சாலைக்கு வரும், அடிபட்டுச் சாகும். வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள். இரவில் மலையடிவாரச் சாலைகளைத் தவிருங்கள். தாப்பிர் இருட்டில்தான் கடக்கும். கறுப்பு வெள்ளை உடம்பு விளக்கொளியில் ஒரு மிருகமாகத் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்கு மேல் கனமழை வழக்கம். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு ஒதுக்குங்கள், மலையில் மழை என்றால் அருவியில் இறங்காதீர்கள்.

முதல் தடவை எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். தாப்பாவோடு திரும்பிவிடலாம், மீதி அடுத்த விடுமுறைக்கு. மூன்று இடத்தில் நின்று பார்த்தவர் பத்து இடத்தைக் கடந்தவரைவிட அதிகம் பார்த்தவர். பிள்ளைகளிடம் அமெரிக்கா போகும் நாள் வந்தால் இந்தப் பழக்கம் அங்கேயும் உதவும். விடியலில் எழுவதும், தள்ளி நிற்பதும், காத்திருப்பதும் அங்கேயும் அதேதான். விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் அதைக் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு டாங்கி எண்ணெயும் போதும்.