குருதியும் சாயமும்

செஞ்சி வட்டாரம் பாரதக் கூத்துக்குப் பெயர் பெற்றது. பதினெட்டாம் போர் நாளில், படுகளத்தில் மண்ணால் ஆன துரியோதனன் கிடப்பான். அவன் தொடை பிளக்கப்பட, செந்நீர் வழியும். அதைத் தொட்டுத் திரௌபதி தன் கூந்தலை முடிப்பாள். அது சாயமே என்று எல்லாருக்கும் தெரியும்; ஆயினும் கண் கலங்காதார் இலர். திரௌபதி கோயில்களில் முத்தால ராவுத்தர் என்னும் முஸ்லிம் வீரரைக் காவல் நிறுத்திய மண் இது. ஆதலின் அக்களம் நமக்கும் அந்நியமன்று.

அக்களத்தை நினைவிற்கொண்டே ‘ஹவுஸ்’ என்னும் ஜப்பானியத் திரைப்படத்தை அணுகுகிறோம். இத்தகைய படங்களை நம் இல்லத்து இளைஞர் கைப்பேசியில் விரும்பிக் காண்கின்றனர், பெரியோர் முகஞ்சுளிக்கின்றனர். குருதி எதற்காகச் சிந்தப்படுகிறது என்று இரு சாராரும் கேட்பதில்லை.

நோபுஹிகோ ஓபயாஷி 1977இல் இயக்கிய இப்படத்தில், ஏழு மாணவியர் விடுமுறைக்கு ஒருத்தியின் தாயுடன் பிறந்த பெண்மணியின் வீட்டுக்குச் செல்கின்றனர். பியானோ ஒருத்தியை விழுங்குகிறது. ஓவியத்துப் பூனையின் வாயிலிருந்து கொட்டும் குருதி வீட்டை வெள்ளமாக்குகிறது. இயக்குநரின் சிறு மகள் கூறிய அச்சங்களே இக்கற்பனைகளுக்கு வித்து.

எனினும் அவ்வீட்டின் பசிக்குக் காரணம் உண்டு. அப்பெண்மணியை மணக்கவிருந்தவன் போருக்குச் சென்று மீளவில்லை. காத்திருந்தே மடிந்தவளின் ஏக்கம்தான் மணமாகாத பெண்களை விழுங்குகிறது. போர்க்காலக் காட்சியில் அணுகுண்டின் புகை எழும்போது, அது பஞ்சுமிட்டாய் போலிருக்கிறது என்கிறாள் ஒரு மாணவி. ஓபயாஷி ஹிரோஷிமா மாநிலத்தில் 1938இல் பிறந்தவர்; 1945இல் குண்டு விழுந்தபோது ஏழு வயதுச் சிறுவர். ஒரு தலைமுறையின் புண்ணை அடுத்த தலைமுறை எவ்வளவு எளிதாக மறந்துவிடுகிறது என்பதை அந்த ஒரு சொல் உணர்த்திவிடுகிறது.

குறையும் உண்டு. வேடிக்கை மிகுந்து துயரம் பல இடங்களில் மறைந்துபோகிறது. ஆடையற்ற காட்சிகளும் இருப்பதால் குடும்பத்தோடு காணத்தக்கதன்று. ஆனால் 2008இல் வெளிவந்த ‘டோக்கியோ கோர் போலீஸ்’ படத்தோடு ஒப்பிட்டால் இதன் உயர்வு விளங்கும். அங்கே குருதி ஊற்றெனப் பீறிடுகிறது. மடிபவருள் பெரும்பாலோருக்காக நம் நெஞ்சு அசைவதில்லை.

ஆகவே, நம் பிள்ளைகளிடம் ‘இதைப் பார்க்காதே’ என்பதோடு நின்றுவிடுதல் போதாது. இறந்தவர்களுக்காக இப்படத்தில் அழுபவர் யார் என்று கேட்கப் பழக்குவோம். அழ ஒருவரும் இல்லையெனில் அது வெறும் சாயமே. படுகளத்து மண்பொம்மைக்குள்ள உயிர்கூட அதற்கு இல்லை.